ஜான் கானரை எத்தனை முறை காப்பாற்றுவது?

2019-இல் வந்த ‘டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்’ படத்தின் முதல் சில நிமிடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். எதிர்காலத்தில் இயந்திரங்களை எதிர்த்து மனிதர்களை வழிநடத்தப்போகிற ஜான் கானரைப் பிறக்கவிடாமல் தடுக்கவோ கொல்லவோ, அந்த இயந்திரங்கள் காலம் கடந்து இயந்திர மனிதர்களை அனுப்புவதுதான் தொடரின் கதை. அந்த முதல் காட்சியின் இடம் குவாத்தமாலா, ஆண்டு 1998. கடலோரத்தில் சாரா கானரும் அவள் மகன் ஜானும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஜானாக நடித்த எட்வர்ட் ஃபர்லாங்கின் சிறுவயது முகத்தைக் கணினியில் உருவாக்கி, வேறொரு பையனின் உடம்பில் பொருத்தியிருந்தார்கள். பார்க்க 1991-இல் கண்ட அதே பையன். அப்போது இயந்திர மனிதனாக அர்னால்ட் நடந்து வருகிறார். ஒரு வார்த்தை பேசாமல் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுகிறார். ஜான் செத்துவிடுகிறான். அதன் பிறகுதான் படமே தொடங்குகிறது.

இந்தப் பையனைக் காப்பாற்றத்தான் முந்தைய இரண்டு படங்களும் ஓடின. முதல் படத்தில் சாராவைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்த கைல் ரீஸ் செத்தது அவன் பிறப்பதற்காக. இரண்டாம் படத்தில் காக்க வந்த இயந்திர மனிதனே உருகிய இரும்புக்குள் இறங்கியது அவனுக்காக. அந்தக் கடைசிக் காட்சியில் அழுத தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ‘அந்தப் பையன் மூன்றே வருடத்தில் போய்விட்டான்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு சாரார் தியேட்டரிலேயே கொதித்துப் போனார்கள். இன்னொரு சாரார், ‘நல்லதுதான், எத்தனை நாளைக்குத்தான் ஜான் கானரையே சுற்றிக்கொண்டிருப்பது’ என்றார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பழையது வேண்டும் என்பவர்களுக்கும் புதியது வேண்டும் என்பவர்களுக்கும் நடக்கும் வழக்கமான சண்டை. எனக்கு அப்படித் தெரியவில்லை. சண்டை பெரும்பாலும் ஒரே ரசிகனுக்குள் நடக்கிறது. புதுப் படம் வரப்போகிறது என்றதும் முதலில் டிரெய்லரைத் தேடுபவரும், ‘இதை விட்டுத் தொலையுங்களேன்’ என்று சலித்துக்கொள்பவரும் பல நேரம் ஒரே ஆள்தான். இதற்குக் காரணம் ரசிகர்களின் குணம் அல்ல, இந்தக் கதை கட்டப்பட்ட விதம்.

1984 அக்டோபரில் வந்த முதல் படம் உண்மையில் ஒரு பேய்ப்பட வார்ப்பு. சுமார் 64 லட்சம் டாலர் செலவு. பெரும்பாலும் இரவுக் காட்சிகள், லாஸ் ஏஞ்சலிஸின் பின்தெருக்கள், பரிமாறும் வேலை பார்க்கும் ஒரு பெண், அவளைத் துரத்தும் நிற்காத ஓர் உருவம். ரோமில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தீயிலிருந்து ஓர் உலோக எலும்புக்கூடு தன்னை இழுத்துக்கொண்டு வருவதாகக் கண்ட கனவிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் பலமுறை சொல்லியிருக்கிறார். படம் முதலீட்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வசூலித்தது. ஆனாலும் அது சின்னப் படம்தான், அதன் பலமும் அதுதான்.

அப்புறம் 1991 ஜூலையில் இரண்டாம் பாகம் ‘ஜட்ஜ்மெண்ட் டே’. பட்ஜெட் சுமார் 10 கோடி டாலர். அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவாகவில்லை என்று பேசப்பட்டது. உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் வசூல், நான்கு ஆஸ்கர். திரவமாக உருகி மீண்டும் ஆளாக நிமிரும் வில்லன் இயந்திரம் டி-1000 தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்தப் படத்தில் கணினி வரைகலை வரும் நேரம் மொத்தமே சுமார் ஐந்து நிமிடம். மிச்சமெல்லாம் ஒப்பனை, பொம்மைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் பொம்மைகள், ஒப்பனை, வண்டிகள், வெடிகள், கொஞ்சம் குறும்பு.

அந்தக் குறும்புக்கு ஓர் உதாரணம். அர்னால்டின் தலையைத் திறந்து சாரா அந்த இயந்திரத்தின் மூளையான சில்லை (சிப்) வெளியே எடுக்கும் ஒரு காட்சி உண்டு. தியேட்டருக்கு வந்த படத்தில் அது இல்லை, பின்னால் வந்த நீண்ட வடிவத்தில் இருக்கிறது. கண்ணாடி முன் நடக்கும் காட்சி. ஆனால் அங்கே கண்ணாடியே கிடையாது, வெறும் சட்டம்தான். சட்டத்துக்கு இந்தப் பக்கம் தலை திறக்கும் அர்னால்ட் பொம்மையும், அதன் மேல் வேலை செய்யும் லெஸ்லி ஹாமில்டனும். அவர் சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி. அந்தப் பக்கம் பிம்பம்போல நிற்பவர்கள் நிஜ அர்னால்டும் நிஜ லிண்டாவும். இரண்டு சகோதரிகளும் கையசைவை ஒரே நேரத்தில் ஒத்துச் செய்ய வேண்டும். மனநல மருத்துவமனையில் காபி எடுக்கும் காவலாளி, தன்னைப் போலவே இன்னொருவன் எதிரே நிற்பதைப் பார்க்கும் காட்சிக்கும் நிஜ இரட்டையர்களையே பிடித்தார்கள். இந்த மாதிரி விவரங்களைப் பல வருடம் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் ரசிகனிடம் போய், முழுக்கக் கணினியில் செய்த சண்டையைக் காட்டினால் அவன் கை தட்டுவது கஷ்டம்தான்.

ஆனால் தொழில்நுட்பம் இரண்டாம்பட்சம். இரண்டாம் பாகத்தின் உண்மையான சாதனை, கதையை முடித்துவைத்ததுதான். 1997 ஆகஸ்ட் 29 அன்று ஸ்கைநெட் என்ற கணினி அமைப்பு அணு ஆயுதங்களை ஏவி 300 கோடிப் பேரைக் கொல்லும் என்பது கதைக்குள் வரும் எச்சரிக்கை. சாராவும் ஜானும் இயந்திரமும் சேர்ந்து ஸ்கைநெட்டை உருவாக்கவிருந்த ஆராய்ச்சியையே அழிக்கிறார்கள். விதி என்று எதுவும் இல்லை, நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் என்பது படம் முழுக்க வரும் பேச்சு. கேமரூன் வேறொரு முடிவையும் படமாக்கியிருந்தார். அதில் 2029-ஆம் ஆண்டு, பூங்காவில் வயதான சாரா, செனட்டராகிவிட்ட ஜான், விளையாடும் பேத்தி. ஒட்டவில்லை என்று அதை நீக்கிவிட்டு, இரவில் ஓடும் நெடுஞ்சாலையையும் சாராவின் குரலையும் வைத்தார். பூங்கா முடிவு இருந்திருந்தால் மூன்றாம் பாகம் எடுப்பது கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். நெடுஞ்சாலை முடிவில் கதவு லேசாகத் திறந்தே இருந்தது. அந்த இடுக்கில்தான் எல்லாரும் நுழைந்தார்கள்.

சிக்கல் இங்கேதான். வேறு தொடர்களில் அடுத்த பாகம் என்றால் புது வில்லன், புது ஊர், புது வேலை. டெர்மினேட்டரில் அடுத்த பாகம் வேண்டும் என்றால் முதல் காரியமாக 1991-இன் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தாக வேண்டும். உலகம் பிழைத்துவிட்டால் படம் எடுக்க ஒன்றும் இல்லையே. ஆக ரசிகன் கேட்கும் பரிசே அவன் ஏற்கெனவே வைத்திருக்கும் பொக்கிஷத்தை உடைத்துத்தான் வரும். வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே வாயிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

2003-இல் வந்த மூன்றாம் பாகம் ‘ரைஸ் ஆஃப் த மெஷின்ஸ்’ இதை நேராகவே சொன்னது: நீங்கள் அழிவைத் தடுக்கவில்லை, தள்ளித்தான் போட்டீர்கள். கேமரூன் இல்லை, லிண்டா ஹாமில்டன் நடிக்க மறுத்துவிட்டார், அதனால் சாரா ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டதாகக் கதை. நகைச்சுவை பல இடங்களில் சகிக்காது. ஆனால் முடிவில் ஜான் பதுங்கு அறையில் உட்கார்ந்திருக்க, மேலே ஏவுகணைகள் பறக்கின்றன, உலகம் நிஜமாகவே அழிகிறது. இவ்வளவு பெரிய வணிகப் படம் அப்படி முடிந்தது துணிச்சல்தான். 1991-க்குப் பிறகு இந்தத் தொடரில் எடுக்கப்பட்ட ஒரே தைரியமான முடிவு அது என்பது என் கருத்து. வந்த காலத்தில் திட்டியவர்களில் சிலர் இப்போது அந்தப் படத்துக்காக வாதாடுகிறார்கள். அடுத்தடுத்து வந்தவை அதைக் கௌரவமாகக் காட்டிவிட்டன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2009-இல் ‘சால்வேஷன்’. ரசிகர்கள் வெகு நாளாகக் கேட்ட எதிர்காலப் போரைக் காட்டுகிறோம் என்றார்கள். கிறிஸ்டியன் பேல்தான் ஜான். அர்னால்ட் அப்போது கலிஃபோர்னியாவின் ஆளுநர், அவர் முகத்தை மட்டும் கணினியில் கொண்டுவந்தார்கள். இந்தப் படத்தில் சுவாரசியமான விஷயம் திரையில் நடக்கவில்லை. முதலில் எழுதிய முடிவில் ஜான் இறந்துவிட, அவன் முகத்தோலை ஒரு அரை இயந்திர மனிதனுக்குப் போர்த்தி, ‘ஜான் உயிரோடு இருக்கிறான்’ என்று உலகை நம்ப வைப்பார்கள். அது வெளியே கசிந்தது, இணையத்தில் கூச்சல் எழுந்தது, முடிவு மாற்றப்பட்டது. மாற்றி வைத்த முடிவை யாருக்காவது நினைவிருக்கிறதா என்றால் பெரும்பாலும் இல்லை. ரசிகர்கள் சத்தம் போட்டால் ஸ்டுடியோ கேட்கும் என்பதற்கு இது சாட்சி; கேட்டதால் படம் நன்றாகிவிடும் என்பதற்குச் சாட்சி இல்லை.

2015-இல் ‘ஜெனிசிஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய் 1984-க்கே திரும்பியது. முதல் படத்தின் காட்சிகளை அப்படியே மறுபடி எடுத்து, அவற்றுக்குள் புதிய ஆட்களை நுழைத்து, பழைய கதையையே அழித்தது. ஜான் கானர்தான் இந்த முறை வில்லன். அந்தத் திருப்பத்தை டிரெய்லரிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆலன் டெய்லரே பின்னால் அதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசினார். (அர்னால்ட் 2014 செப்டம்பரில் ‘ஐ’ பட இசை வெளியீட்டுக்குச் சென்னை வந்தாரே, அது இந்தப் படத்தின் படப்பிடிப்பு முடிந்த கையோடுதான். அன்று அரங்கில் கிளம்பிய சத்தத்தைக் கேட்டிருந்தால், அவரை விட்டுவிட்டு ஒரு டெர்மினேட்டர் எடுக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் மனசு வராது என்று புரிந்திருக்கும்.)

ஆக ஒவ்வொரு படமும் முந்தையதை ரத்து செய்கிறது. மூன்றாம் பாகம் இரண்டின் வெற்றியை ரத்து செய்தது. ஜெனிசிஸ் எல்லாவற்றையும் அழித்தது. டார்க் ஃபேட், ‘இரண்டுக்குப் பிறகு வந்த எதுவும் நடக்கவே இல்லை’ என்றது. காலப்பயணம் கதையில் இருப்பதால் இது ரொம்ப வசதி, யார் வேண்டுமானாலும் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதலாம். ஆனால் பார்ப்பவனுக்கு ஒன்று மனதில் பதிந்துவிடுகிறது: இன்று நான் பார்ப்பதும் நாளைக்குச் செல்லாது. பிறகு எந்தப் பாத்திரத்தின் மீது அவன் மனசை வைப்பான்?

ஏன் இப்படி மறுபடி மறுபடி துடைத்தார்கள் என்று கேட்டால், பதில் கதைக்குள் இல்லை, உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. முதல் படத்தைத் தானே இயக்க வேண்டும் என்பதற்காகக் கேமரூன் கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த உரிமை போகாத இடம் இல்லை. இரண்டாம் பாகத்தைத் தயாரித்த கரோல்கோ நிறுவனம் 1995-இல் திவாலானது. சால்வேஷனைத் தயாரித்த ஹால்சியன், படம் வந்த அதே ஆண்டில் திவால் மனு போட்டது. 2010-இல் உரிமை ஏலத்துக்கு வந்து, பசிஃபிகார் என்ற முதலீட்டு நிதி 2.95 கோடி டாலருக்கு எடுத்தது. சினிமா எடுப்பவர்களே அல்ல, கடன் கொடுத்திருந்தவர்கள். அங்கிருந்து அன்னபூர்ணா, ஸ்கைடான்ஸ் என்ற அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு நகர்ந்தது.

இவ்வளவு கொடுத்து வாங்குபவர் ஒரு படத்துக்காக வாங்குவாரா? மூன்று படம் என்றுதான் கணக்குப் போடுவார். சால்வேஷன் ஒரு முப்படத் தொடரின் முதல் பாகமாக இருக்க வேண்டியது. ஜெனிசிஸும் அப்படியே, டார்க் ஃபேட்டும் அப்படியே. மூன்றுமே முதல் பாகத்தோடு நின்றுபோயின. மூன்று முறை ஆரம்பம் மட்டும் காட்டப்பட்டு, நடுவும் முடிவும் வராத கதைகளின் வரிசை இது. ரசிகர்களின் சலிப்பை ‘பழமை வெறி’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதனோடு ஒரு சட்டக் கெடுவும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் சட்டப்படி, தன் படைப்பை எழுதிக் கொடுத்தவர் 35 ஆண்டு கழித்து அதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. 1984-இல் வந்த படத்துக்கு அது 2019-ஐ ஒட்டி வருகிறது. அதே ஆண்டில் வெளியான டார்க் ஃபேட்டுக்குக் கேமரூன் தயாரிப்பாளராகத் திரும்ப வந்தது தற்செயல் இல்லை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

இங்கேதான் டார்க் ஃபேட் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. ரசிகர்கள் பல வருடமாகச் சொல்லி வந்த குறைகள் ஒன்றுவிடாமல் சரிசெய்யப்பட்டன. கேமரூன் இல்லை என்றார்கள், வந்தார். லிண்டா ஹாமில்டன் இல்லை என்றார்கள், அறுபது வயதைத் தாண்டி, நரைத்த தலையோடு, ராக்கெட் லாஞ்சரைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைப் பாலத்தில் வந்து இறங்கினார். அந்த ஒரு காட்சிக்கு எல்லாத் தரப்பும் விசிலடித்தது. முந்தைய இரண்டு படங்களும் பதின்ம வயதினருக்காக ரத்தத்தைக் குறைத்துவிட்டன என்றார்கள், இது பெரியவர்களுக்கான ‘ஆர்’ சான்றிதழோடு வந்தது. விமர்சனங்களும் சால்வேஷன், ஜெனிசிஸ் அளவுக்கு மோசமில்லை. முடிவு? அமெரிக்காவில் வெறும் 6.2 கோடி டாலர் வசூல். 2003-இல் அங்கே 15 கோடி, 2009-இல் 12.5 கோடி, 2015-இல் 9 கோடி என்று இறங்கி வந்த படிக்கட்டில் அடுத்த படி. சுமார் 18.5 கோடி டாலர் செலவு செய்த படம், நஷ்டம் 10 கோடிக்கு மேல் இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

கேட்டதையெல்லாம் கொடுத்தும் ஏன் வரவில்லை? ஒரு பதில், ரசிகர்கள் சொன்ன குறைகள் உண்மையான குறையே அல்ல. அவை கையில் கிடைத்த சொற்கள். உண்மையான குறை, முடிந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப முடிக்கச் சொல்லிக் காசு கேட்பது. இன்னொரு பதில் இன்னும் எளிது: பழைய ரசிகனை முதல் ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டு, புதிய ரசிகனுக்குத் தெரியாத சாராவை நம்பிப் படம் எடுத்தால் இருவருமே பாதிதான் வருவார்கள்.

அதே படத்தில் எனக்குப் பிடித்த, பலருக்குப் பிடிக்காத ஒரு சங்கதியும் உண்டு. ஜானைக் கொன்ற அந்த இயந்திரம், வேலை முடிந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல், டெக்சாஸில் கார்ல் என்ற பெயரில் ஒரு பெண்ணுக்கும் அவள் மகனுக்கும் துணையாக வாழ்கிறது. தொழில், வீடுகளுக்குத் திரைச்சீலை மாட்டுவது. குழந்தை அறைக்கு எந்த மாதிரித் திரை பொருந்தும் என்று அர்னால்ட் கல்லுமுகத்தோடு விளக்குகிறார். கொன்றவனையே பார்த்துச் சிரிக்க வைப்பதா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் கட்டளை தீர்ந்துபோன இயந்திரம் என்ன செய்யும் என்ற கேள்வியை இந்தத் தொடரில் வேறு எந்தப் படமும் கேட்கவில்லை. அது புதிய யோசனை. பழைய வடிவத்துக்குள் கொஞ்ச நேரம் மட்டும் அதற்கு இடம் கிடைத்தது.

புதிய யோசனைகள் சின்னத் திரையில்தான் தாராளமாக வந்தன. 2008-இல் தொடங்கி 31 அத்தியாயங்கள் ஓடிய ‘த சாரா கானர் க்ரானிக்கிள்ஸ்’ தொலைக்காட்சித் தொடர், துரத்தலைக் குறைத்து, எப்போதும் ஓடிக்கொண்டே வாழும் ஒரு குடும்பத்தின் களைப்பைக் காட்டியது. அதை இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது சீசனோடு, கதை பாதியில் நிற்க, நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 29 அன்று, கதையின் அழிவு நாள் தேதியிலேயே, நெட்ஃபிளிக்ஸ் ‘டெர்மினேட்டர் ஜீரோ’ அனிமே தொடரை வெளியிட்டது. களம் ஜப்பான். அர்னால்ட் இல்லை, கானர் குடும்பம் இல்லை. ‘பழைய முகங்கள் இல்லாமல் புதிதாக ஏதாவது செய்யுங்கள்’ என்று பல வருடமாகக் கேட்டவர்களுக்காகவே செய்ததுபோல் எட்டு அத்தியாயங்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். போதுமான பேர் பார்க்கவில்லை என்று அதை உருவாக்கிய மேட்சன் டாம்லினே சொன்னார். ஒரே சீசன், அதோடு சரி. ஆகவே பழியை ஸ்டுடியோ மீது மட்டும் போட முடியாது. புதியது வேண்டும் என்று குரல் கொடுப்பவர் எல்லாரும் டிக்கெட் எடுப்பவர் அல்ல.

இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. அர்னால்ட் 2023-இல், தொடர் முடியவில்லை, தன் பங்கு முடிந்தது என்று சொல்லிவிட்டார். கேமரூன் புதிய படத்துக்கான யோசனைகளில் இருப்பதாகப் பல பேட்டிகளில் சொன்னார். கடந்த 40 ஆண்டுகளில் சேர்ந்த பெயர்களையும் பொருட்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, அதிகாரம் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்கள் யாருடைய உதவியும் கிடைக்காமல் தப்பிப்பது என்ற அடிப்படையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். கூடவே, செயற்கை நுண்ணறிவு ஓடுகிற வேகத்தில், எழுதி முடிப்பதற்குள் நிஜம் கதையை முந்திவிடும், அதனால் எழுதவே சிரமமாக இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார்.

இதைக் கேட்ட ரசிகர்கள் வழக்கம்போலப் பிரிந்தார்கள். இயந்திரங்கள் முடிவெடுப்பது தினச் செய்தியாகிவிட்ட காலத்தில் இந்தக் கதையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது என்று ஒரு பக்கம். அதே செய்தியைத் தினமும் பார்ப்பவனை ஸ்கைநெட் என்ற பெயர் இனி பயமுறுத்துமா என்று மறு பக்கம். கேமரூன் சொல்லும் அந்த அடிப்படை, 1984-இல் அவரே எடுத்த முதல் படத்தின் அடிப்படைதான்: காவல்துறை நம்பாத, கையில் காசில்லாத இரண்டு பேர், ஒரு பாழ் நகரம், சில இரவுகள். அதற்கு 20 கோடி டாலர் தேவையில்லை. ஆனால் உரிமைக்கும் பெயருக்கும் இவ்வளவு பணம் கைமாறிய பிறகு, அதைச் சின்னப் படமாக எடுக்க யார் சம்மதிப்பார்கள் என்பதுதான் இன்னும் யாரும் பதில் சொல்லாத கேள்வி.